ஆறு பேர் என்றார்கள், எண்ணிப் பார்த்தேன்

என்னிடம் ஒரு 80 பக்க ஒற்றைறூல் கொப்பி இருக்கிறது. மட்டையில் பிள்ளையின் பெயரும் வகுப்பும் எழுதுகிற இடத்தில் 'கோச்சி' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். ரயிலுக்கு எங்கள் ஊர்ப் பேச்சில் அதுதான் பெயர். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் அடிமட்டம் வைத்துக் கீறிய ஐந்து நிரல்கள்: திகதி, கிழமை, ஏறினவர்கள், இறங்கினவர்கள், மழையா வெயிலா. முதல் வரியில் 41 என்று இருக்கிறது. அந்த 41 பேரையும் எங்கள் ரயில் தரிப்பிடத்தில் நின்று நான்தான் எண்ணினேன். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் ஓர் அதிகாரி தன் மேசையில் இருந்த தாளைப் பார்த்துவிட்டு, "அங்க ஒரு நாளைக்கு ஆறு பேருக்கு மேல ஏறுறதில்லையே ரீச்சர்" என்று சொல்லியிருந்தார்.

ஆறுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. ஊரில் ஓடுகிற ஒரு சின்ன ரயிலை நிறுத்தப்போகிறார்கள் என்று கேள்விப்படுகிற யாருக்காவது அந்த இரண்டு வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு இலங்கையின் கிழக்கில், வாழைச்சேனைக்கும் ஏறாவூருக்கும் இடையில் ஒரு சின்னத் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில். நான் படிப்பித்தது மன்னம்பிட்டிப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். பொலன்னறுவை மாவட்டத்துக்குள் மன்னம்பிட்டி, முத்துக்கல் என்று தமிழ் ஊர்கள் இருப்பதே வெளியில் பலருக்குத் தெரியாது. அங்கே போகிற ஆசிரியர்களில் நிறையப் பேர் மட்டக்களப்புப் பக்கத்து ஆட்கள். ஒன்பது வருடம் விடியப்பறம் எழும்பி, சோற்றைக் கட்டிக்கொண்டு, 5.30 ரயில் பஸ்ஸில் ஏறிப் போய் வந்தேன்.

ரயில் பஸ்ஸைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு பஸ் உடல்களை முதுகோடு முதுகு பொருத்தி, ரயருக்குப் பதிலாக இரும்புச் சில்லுப் பூட்டி, தண்டவாளத்தில் விட்டிருப்பார்கள். போகும்போது ஒரு முகம், வரும்போது மற்ற முகம். வண்டியைத் திருப்பத் தேவையில்லை. மலசலகூடம் கிடையாது. நீண்ட ரயிலை ஓட்டுகிற செலவில் சிறு பங்கில் ஓடும். வெலிக்கந்தை தாண்டினால் இரண்டு பக்கமும் வயலும் காடும்தான். மன்னம்பிட்டிப் பாலத்தில் மகாவலிக்கு மேலே ஏறும்போது பேசிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் மௌனமாவார்கள், பழக்கப்பட்டவர்கள்கூட.

அந்த வண்டியில் யார் வந்தார்கள் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கிளினிக் கொப்பியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு பொலன்னறுவை ஆஸ்பத்திரிக்குப் போகிற வயசாளிகள். வெலிக்கந்தைப் பக்கம் நெல் வெட்டவும் களை பிடுங்கவும் போகிற பெண்கள். ஓட்டமாவடியில் இருந்து ரெஜிபோம் பெட்டியில் இறாலும் மீனும் கொண்டு போகிற முஸ்லிம் அண்ணர் ஒருவர், நாங்கள் காக்கா என்போம். திரும்பி வரும்போது புணானைப் பக்கத்துத் தயிர்ச் சட்டிகள். கிழக்குப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்தாறுமூலையில் இறங்குவார்கள். ரிக்கெட் காசு, பஸ் காசின் பாதிகூட வராது. கூலிக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு அந்த வித்தியாசம்தான் பின்னேரம் வீட்டுக்கு வாங்கிப் போகிற பாண்.

இனி, அது எப்படிப் போனது என்ற கதை.

ஒரு வருடப் பிறப்போடு நேரத்தை மாற்றினார்கள். 5.30 வண்டி 6 மணியானது. அரை மணித்தியாலம்தானே என்று நினைத்தோம். ஆனால் மன்னம்பிட்டியில் இறங்கும்போது 7.35. பள்ளிக்கூட மணி 7.30க்கு. வரவுப் பதிவில் ஒவ்வொரு நாளும் சிவப்புக் கோடு விழ விட யாரால் முடியும்? ஒரு மாதத்துக்குள் ஆசிரியர்கள் பதினொரு பேரும் சேர்ந்து வான் பிடித்துவிட்டோம். நானும்தான். இன்றைக்கு யோசித்தால், அந்த வண்டியின் கழுத்தில் முதல் கயிறு விழுந்தது அன்றைக்குத்தான். நேரம் மாறின அன்றே ஒரு கடிதம் எழுதியிருந்தால், மாற்றினவர்களுக்கே பள்ளிக்கூட மணி ஞாபகத்தில் இல்லை என்பது தெரிந்திருக்கலாம். நாங்கள் எழுதவில்லை. வானுக்குக் காசு சேர்த்தோம்.

மறுகா, தரிப்பிடத்து ரிக்கெட் யன்னல் கிழமையில் இரண்டு நாள் பூட்டு. பிறகு நான்கு நாள். மழைக்காலத்தில் வண்டி வராத நாட்கள் கூடின. வராத நாளுக்கு முன்கூட்டியே ஒரு அறிவிப்பும் இல்லாததால், நம்பி வந்து நின்று ஏமாந்தவர்கள் அடுத்த நாள் பஸ்ஸுக்குப் போனார்கள். அதற்குப் பிறகுதான் 'இந்த வண்டிக்கு ஆள் இல்லையாம், நிப்பாட்டப் போறாங்களாம்' என்ற பேச்சு வந்தது. ஆள் ஏன் இல்லாமல் போனது என்று யாரும் கேட்கவில்லை.

'மூடுகிறோம்' என்று ஒரு அறிவித்தல் வரும், அன்றைக்குப் போய்ப் போராடலாம் என்று காத்திருக்காதீர்கள். அப்படி ஒரு நாள் வரவே வராது. நேர மாற்றம், பூட்டின யன்னல், வராத நாட்கள். இந்த மூன்றில் ஒன்று தொடங்கினால் அன்றைக்கே கொப்பியை எடுக்க வேண்டும்.

எங்கள் நாட்டிலேயே பாருங்கள். நானுஓயாவில் இருந்து நுவரெலியா வழியாக றாகலைக்குப் போன சின்னப் பாதை 1940களில் மூடப்பட்டது. அவிசாவளையில் இருந்து இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்க வரை போன பாதை 1970களில் மூடப்பட்டது. இரண்டும் இன்றுவரை திரும்பவில்லை. போரில் தண்டவாளமே இல்லாமல் போன வடக்குப் பாதையோ 2014இல் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டது, 2015இல் தலைமன்னாருக்கும் போய்விட்டது. 1928இல் திறந்த எங்கள் மட்டக்களப்புப் பாதையும் போர்க்காலத்தில் வருடக்கணக்காக வண்டி இல்லாமல் கிடந்து, திரும்ப எழும்பினதுதான். குண்டு உடைத்த பாதை திரும்பி வந்தது. கணக்குப் பார்த்து மூடின பாதை திரும்பி வரவில்லை. இதை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன், அலுக்காமல்.

நிப்பாட்டப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோதுதான், ஆறு பேர் என்று சொன்ன அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், கதிரை தந்தார், தேத்தண்ணியும் வந்தது. அந்தத் தாளையும் காட்டினார். எங்கள் தரிப்பிடத்துக்கு நேரே ஆறு.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஆறையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் ஒன்பது வருடம் போன வண்டி. அந்த ஆறு பேரில் நான் இருந்தேனா? யோசித்தேன். இல்லை. என் சீசன் ரிக்கெட்டை நான் ஒவ்வொரு மாதமும் மட்டக்களப்பு ஸ்ரேசனில், சம்பளம் எடுக்கப் போகிற நாளில் வாங்கினேன். எங்கள் தரிப்பிடத்து யன்னலில் சீசன் எழுதுவதில்லை. ஆகவே அந்த ஒன்பது வருடமும் என் காசு மட்டக்களப்பின் கணக்கில் விழுந்திருக்கிறது. பல்கலைக்கழகப் பிள்ளைகளின் சீசனும் அப்படித்தான். மீன்காரக் காக்கா பெட்டிக்குக் கட்டின பார்சல் காசு வாழைச்சேனைக் கணக்கில். யன்னல் பூட்டியிருந்த நாட்களில் ஏறினவர்கள் வண்டிக்குள்ளே ரிக்கெட் எடுத்திருக்க வேண்டும். எடுத்தவர்கள் பாதிப் பேர்.

கார்ட் ஐயா ஒருவர், கெக்கிராவைப் பக்கத்துச் சிங்களவர், நல்ல மனுசன், தனக்குத் தெரிந்த தமிழில் எனக்குச் சொன்னார்: "ரீச்சர், ரிக்கெட் இல்லாம போற ஏழை ஆளை நாங்க பாக்காத மாதிரி இருக்கிறது. பாவம்தானே. ஆனா நாங்க பாக்காட்டி, கொழும்பும் பாக்காது."

அந்த வசனம் என்னைத் தூங்க விடவில்லை. இரக்கத்தால் விடப்பட்ட ஒவ்வொரு ரிக்கெட்டும் அந்த ஏழையின் வண்டியையே அவளிடமிருந்து பறித்துக்கொண்டிருந்தது. அதனால் தரிப்பிடத்தில் காண்கிற எல்லாருக்கும் நான் முதலில் சொன்னது இதுதான்: காசு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ரிக்கெட் எடுங்கள், ஏறுகிற இடத்தின் பெயரைச் சொல்லி எடுங்கள். யன்னல் பூட்டினால் கார்ட்டிடம் கேட்டு எடுங்கள். எடுத்த துண்டை எறியாமல் எனக்குத் தாருங்கள்.

அந்த ஆறு எந்த மாதம் எண்ணினது என்பதை நான் கேட்டபோதுதான் அடுத்த விசயம் வெளியே வந்தது. மார்கழியில், பள்ளிக்கூட லீவில், மழைக்குள்.

இந்த இடத்தில் எங்கேயோ இருக்கிற பிரிட்டனின் கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அச்சொட்டாக இதுதான் அங்கேயும் நடந்தது. 1963இல் ரிச்சர்ட் பீச்சிங் என்பவர் தலைமையில் அங்கே ஓர் அறிக்கை வந்தது. 2,363 ஸ்ரேசன்களை மூடச் சொன்னது. அதற்கு அடிப்படையாக இருந்த போக்குவரத்துக் கணக்கு 1961 ஏப்ரலில் ஒரே ஒரு வாரம் எடுத்தது. கோடையில் மட்டும் சனம் அலைமோதுகிற கடற்கரை ஊர்களுக்கும் அந்த ஏப்ரல் வாரக் கணக்கே அளவுகோல். பாசிக்குடாவுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கார்த்திகை மழையில் போய் எண்ணினால் என்ன கிடைக்கும்? அதே கதைதான். பெருந்தொகையான பாதைகளை மூடின பிறகு, 1968இல் அவர்களே ஒரு போக்குவரத்துச் சட்டம் கொண்டுவந்து, வருமானம் போதாவிட்டாலும் சமூகத்துக்குத் தேவையான பயணிகள் வண்டிக்கு அரசு மானியம் கொடுக்கலாம் என்று எழுதி வைத்தார்கள். அந்தச் சட்டம் வரும்வரை தாக்குப்பிடித்த பாதைகளில் பல பிழைத்தன. ஐந்து வருடம் தாக்குப்பிடிக்க முடியாதவை போய்விட்டன. எனக்கு அதில் படிப்பினை ஒன்றே ஒன்று. நேரத்தை வாங்க வேண்டும், நேரம் வாங்கக் கணக்கு வேண்டும்.

ஆகவே எண்ணத் தொடங்கினேன். 2019 புரட்டாதி மாதம். நான் வானில் போகிறபடியால் வார நாட்களில் எனக்கு நேரமில்லை. என் பழைய மாணவர்கள் இரண்டு பேர், உயர்தரம் எழுதிவிட்டு இருந்தவர்கள், மாறி மாறி நின்றார்கள். முதல் நாள் மட்டும் லீவு போட்டு நானே நின்றேன். எப்படிச் செய்வது என்று அவர்களுக்குக் காட்ட வேண்டுமே.

முதல் நாளே பிழைவிட்டேன். ஏறுகிறவர்களிடம் நிறையக் கேள்வி கேட்டேன். பெயர், வயது, எங்கே, எதற்கு, எத்தனை தரம். கீரைக்கட்டுக் கடகத்தோடு வந்த ஒரு பெத்தாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் எங்க போறன் எண்டு நீ ஏன் மளே கேக்காய்? நிவாரணம் தரவா, வெட்டவா?"

நியாயமான கேள்வி. பேர் எழுதினால் ஒன்றில் தருவார்கள், அல்லது வெட்டுவார்கள் என்பது எங்கள் மாவட்டத்துச் சனம் பட்டு அறிந்தது. அன்றைக்கே கேள்விகளை மூன்றாகக் குறைத்தேன். எங்கே இறங்குவீர்கள்? இந்த வண்டி இல்லாவிட்டால் எப்படிப் போவீர்கள்? அதற்கு எவ்வளவு செலவாகும்? பெயர் வேண்டாம். மூன்றாவது கேள்விக்கு அந்தப் பெத்தாச்சி சொன்ன பதிலைத்தான் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியாகப் போட்டேன்: "இது இல்லாட்டி நான் போகமாட்டன். கீரை மாட்டுக்குத்தான்."

'வேறு வழியில் போவேன்' என்பவரும் 'போகவே மாட்டேன்' என்பவரும் ஒன்றல்ல. மானியத்துக்கான நியாயம் இரண்டாவது ஆளிடம்தான் இருக்கிறது. அவர்களைத் தனியாக எண்ணுங்கள்.

மொத்தம் ஐந்து கிழமை எண்ணினோம். பள்ளிக்கூட நாட்களில் மூன்று கிழமை, லீவில் ஒன்று, கடும் மழையில் ஒன்று. லீவுக் கிழமையை விட்டுவிடலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள், தொகை குறையும் என்று. நான் விடவில்லை. குறைந்த நாளையும் நாங்களே எழுதிக் காட்டினால்தான் கூடின நாளை நம்புவார்கள். அதே காரணத்துக்காக, 2022இல் பெற்றோல் வரிசை நாட்களில் ரயில்களில் தொங்கிக்கொண்டு சனம் போனபோது எடுத்த கணக்கை நான் எந்தக் கடிதத்திலும் சேர்க்கவில்லை. அது அவதிக் காலத்துக் கணக்கு. அதைக் காட்டினால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பார்கள்.

கையெழுத்து வேட்டையும் செய்தோம். அறுநூறுக்கு மேல் சேர்ந்தது. உண்மையைச் சொன்னால், அதை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து கிழமைக் கணக்கைச் சுருக்கி எழுதின ஒற்றைத் தாளைத்தான் கூட்டத்தில் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 மாசியில் நடைமுறைக்கு வந்தது. இதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. ஒரு கடிதம் போதும், தமிழிலேயே எழுதலாம். பதிவுத்தபாலில் அனுப்பித் துண்டை வைத்திருங்கள், நேரில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள், தருவதா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். இல்லை என்றால் அந்த நிறுவனத்துக்குள்ளேயே மேன்முறையீட்டுக்கு ஓர் அதிகாரி இருப்பார், அதற்கும் மேலே ஆணைக்குழு. நான் செய்த ஒரு கெட்டிக்காரத்தனம், தமிழ்க் கடிதத்தோடு சிங்கள மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்பியது. தமிழில் மட்டும் அனுப்பவும் எங்களுக்கு உரிமை இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. மொழிபெயர்க்க ஆள் இல்லை என்று கடிதம் மேசையில் கிடக்கிற நாட்களை மிச்சம் பிடித்தேன், அவ்வளவுதான்.

கேட்டது நாலே நாலு: எங்கள் தரிப்பிடத்தில் மாதாமாதம் விற்ற ரிக்கெட், வண்டி ஓடாத நாட்களும் காரணமும், பயணிகளை எண்ணின திகதிகள், நேரம் மாற்ற எடுத்த தீர்மானத்தின் பிரதி. "ஏன் எங்களுக்கு அநியாயம் செய்கிறீர்கள்" என்று கேட்டால் பதில் வராது. தாளில் இருப்பதைக் கேட்டால் தாள் வரும். வந்தது, மேன்முறையீட்டுக்குப் பிறகு. பார்த்தால், வண்டி ஓடாத நாட்களையும் சேர்த்துத்தான் சராசரி எடுத்திருக்கிறார்கள். வராத கோச்சியில் ஏறாததற்கு எங்களுக்குப் புள்ளி குறைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் கையில் வருவதற்குள் 2020 பங்குனி வந்துவிட்டது. கொரோனா ஊரடங்கு. எல்லா வண்டியும் நின்றன. பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்கின. எங்கள் ரயில் பஸ் தொடங்கவில்லை. கேட்டால், "தற்காலிகம்." அந்தச் சொல்லுக்கு முடிவுத் திகதி இல்லை. யாரும் தீர்மானம் எடுக்கவில்லை, அதனால் எதிர்க்க ஒரு தீர்மானமும் இல்லை. இப்படி ஒரு நிலை வந்தால், "திரும்ப எப்போது" என்று கேட்காதீர்கள். "நிறுத்தக் கையெழுத்திட்டது யார், எந்தத் திகதியில்" என்று எழுத்தில் கேளுங்கள். நான் கேட்ட பிறகுதான் கோப்பு என்று ஒன்று திறந்தது.

நட்டம் என்ற பேச்சுக்கு வருகிறேன். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நடந்த ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் ஒருவர், "நட்டத்தில ஓடுற வண்டிக்கு அரசாங்கம் எவ்வளவு காலத்துக்குக் காசு போடுறது?" என்று கேட்டார். பலர் தலையாட்டினார்கள். நான் எழும்பினேன். கால் நடுங்கினது நினைவிருக்கிறது.

சிசு செரிய பஸ்ஸுக்கு அரசாங்கம் காசு போடுகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறைந்த காசில் போவதற்காக. கெமி செரியவுக்கும் போடுகிறது, வருமானம் வராத கிராமத்து வழிகளில் பஸ் ஓடுவதற்காக. அதற்கு நட்டம் என்று பெயர் இல்லை, சேவை என்று பெயர். தண்டவாளத்தில் ஓடினால் மட்டும் ஏன் பெயர் மாறுகிறது? நான் சிதம்பரத்துக்கு யாத்திரை போனபோது இந்திய ரயில் ரிக்கெட்டில் ஒரு வரி அச்சிட்டிருந்ததைப் பார்த்தேன்: பயணச் செலவில் சராசரியாக 57 வீதம்தான் பயணியிடம் அறவிடுகிறோம் என்று. மிச்சத்தை யாரோ தாங்குகிறார்கள். அவர்கள் அதைப் பயணியின் கையிலேயே எழுதிக் கொடுக்கிறார்கள்.

இன்னொன்றும் சொன்னேன். ரயில்வே எங்கள் நாட்டில் ஒரு திணைக்களம். 1864இல் முதல் வண்டி அம்பேபுச வரை ஓடின காலம் தொட்டு அரசாங்கத்தின் கைதான். வருமானம் திறைசேரிக்குப் போகும், செலவு திறைசேரியில் இருந்து வரும். நட்டம் என்று பத்திரிகையில் வருவது முழு நாட்டுக்குமான தொகை. அதில் எங்கள் வண்டியின் பங்கு எவ்வளவு? கலியாண வீட்டில் முந்நூறு பேருக்கு உலை வைத்தாகிவிட்டது. அடுப்பு எரிகிறது, சமையற்காரன் நிற்கிறான், பந்தல் போட்டாயிற்று. இனி ஒரு இலை கூடப் போட எவ்வளவு செலவு? ஒரு இலையும் கொஞ்சச் சோறும். மொத்தச் செலவை முந்நூறால் பிரித்து அந்த இலையின் தலையில் கட்டக்கூடாது. கொழும்பு வண்டிகளுக்காகத் தண்டவாளம் எப்படியும் இருக்கும், கடவை காவலர் இருப்பார், ஸ்ரேசன் இருக்கும். எங்கள் சின்ன வண்டியை நிறுத்தினால் மிச்சமாவது அதன் டீசலும் ஓட்டுகிறவர்களின் படியும் அதன் திருத்தச் செலவும்தான். அந்தத் தொகையை மட்டும் சொல்லுங்கள், பேசுவோம் என்றேன்.

அந்தத் தொகையை அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் 'நட்டம்' என்ற சொல்லும் அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் வரவில்லை.

பஸ் இருக்கிறதே என்று சொல்கிறவர்களுக்கு நான் பதில் சொல்ல விரும்புவதில்லை, வயிறு கலங்கும். 2023 ஆடியில் கதுறுவெலையில் இருந்து எங்கள் பக்கம் வந்த பஸ் மன்னம்பிட்டியில் பாலத்தில் இருந்து ஆற்றுக்குள் விழுந்து பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வீதியில்தான் எங்கள் வானும் நாளுக்கு இரண்டு தரம் போய் வந்தது.

எல்லாவற்றையும் விடாப்பிடியாகக் கேட்கவும் கூடாது. எங்கள் ரயில் பஸ்ஸுக்கு மத்தியானத்தில் ஒரு ஓட்டம் இருந்தது. எங்கள் சொந்தக் கணக்கிலேயே அதில் இரண்டு, மூன்று பேர்தான். அதை நிறுத்தலாம் என்று கடிதத்தில் நாங்களே எழுதினோம். ஊருக்குள் சிலருக்குக் கோபம், "ரீச்சர் கோச்சியை வித்துப்போட்டா" என்று. நான் எடுத்த முடிவுகளில் சரியானது அதுதான் என்று இன்றும் நம்புகிறேன். வெறுமையாக ஓடுகிற வண்டியைக் காப்பாற்ற நின்றால், நிறைந்து ஓடுகிற வண்டிக்காகப் பேசும் வாய் பலவீனப்படும். 2025 மாசியில் கல்ஓயாப் பக்கத்தில் எங்கள் இரவு வண்டி மீனகயாவில் மோதி ஆறு யானைகள் செத்தன. அதற்குப் பிறகு காட்டுக்குள்ளே வண்டிகளின் வேகமும் நேரமும் பற்றி வந்த எந்த மாற்றத்துக்கும் எதிராக நான் ஒரு வரியும் எழுதவில்லை. பிந்திப் போகலாம். அந்தக் குட்டிகளின் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

திருக்கோவிலில் இருக்கிற என் சின்னம்மாவின் மகள் ஒருநாள் சொன்னாள்: "அக்கா, நீங்க நிக்காத கோச்சிக்குச் சண்டை பிடிக்கிறீங்க. எங்களுக்கு அம்பாறை மாவட்டத்துக்குள்ள ஒரு தண்டவாளமே இல்லை." உண்மை. கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் பாதை நீட்டுகிற பேச்சை நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோதே கேட்டோம். அக்கரைப்பற்றில் இருந்தும் கல்முனையில் இருந்தும் பஸ்ஸில் மட்டக்களப்புக்கு வந்து ரயில் ஏறுகிறவர்களும் இந்தப் பாதையின் ஆட்கள்தான். அடுத்த கடிதத்தில் அவளையும் சேர்த்தேன். மட்டக்களப்பு ஸ்ரேசன் வாசலில் ஒரு நாள் நின்று, பஸ்ஸில் வந்து ஏறினவர்களையும் எண்ணினோம்.

கடைசியில் நாங்கள் கேட்டதைச் சிறிதாக்கினோம். 'ரயில் பஸ்ஸைத் திரும்பத் தா' என்று மூன்று வருடம் கேட்டு நடக்கவில்லை. வண்டியே பழுதாகிக் கிடக்கிறது என்று பிறகு தெரிந்தது. அதனால், ஏற்கெனவே எங்களைக் கடந்து போகிற ஒரு காலை வண்டி எங்கள் தரிப்பிடத்தில் ஒரு நிமிடம் நிற்கட்டும் என்று கேட்டோம். புது வண்டி வேண்டாம், புது ஆள் வேண்டாம், ஒரு நிமிடம். அதற்குக் கையெழுத்துப் போட ஒருவரும் பயப்படத் தேவையிருக்கவில்லை. பரீட்சார்த்தமாக ஆறு மாதம் என்று அனுமதி வந்தது.

எனக்கு அது உதவாது. நான் இதற்குள் வீட்டுக்குக் கிட்ட மாற்றம் கிடைத்து வந்துவிட்டேன், மன்னம்பிட்டி ஆசிரியர்கள் இன்றும் வானில்தான் போகிறார்கள். அந்த நேரம் அவர்களுக்குச் சரிவரவில்லை. நேரத்தைப் பற்றிய கடிதம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. கிளினிக்காரருக்கும் கூலிக்குப் போகிற பெண்களில் ஒரு பகுதிக்கும் சரிவந்திருக்கிறது.

முதல் நாள் வண்டி நின்றபோது பெத்தாச்சி கடகத்தை முதலில் ஏற்றிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். ரிக்கெட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"எழுதிக்க மளே, நான் ஒண்டு."

எழுதினேன். இப்போது ஆறு மாதத்தில் நான்காவது மாதம். கொப்பியில் பக்கம் முடியப்போகிறது, இன்னொன்று வாங்கி வைத்திருக்கிறேன். நேற்றைய வரி இப்படி இருக்கிறது: செவ்வாய். ஏறினவர்கள் 23. இறங்கினவர்கள் 9. தூறல்.